என்றால் சரியல்ல

பிப்ரவரியில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை, தமிழ்நாட்டு பாலிடெக்னிக் வாசல்களில் ஓர் ஊர்வலம் நடக்கும். சாமி ஊர்வலம் இல்லை. டைப்ரைட்டர் ஊர்வலம். டெம்போவில் வரும். ரெக்சின் உறை போர்த்தி, கயிறு கட்டி, ஒவ்வொன்றாகக் குழந்தையைத் தூக்குவதுபோல் இறக்குவார்கள். "மெதுவாப்பா, கேரேஜ் போயிடும்!" என்று இன்ஸ்டிடியூட் மாஸ்டர் கத்துவார். அவர் பதற்றம் நியாயமானது. போனால் போனதுதான். கோத்ரெஜ் 2009-லேயே டைப்ரைட்டர் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2011-ல் அந்தச் சாவுச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஊர் உலகமெல்லாம் துக்கம் கேட்டுவிட்டுக் குளித்துப் போன பிறகும், நம் தேர்வுக் கூடத்தில் மட்டும் பிணத்துக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

பத்து நிமிடம். மணி அடித்ததும் நூறு மெஷின் ஒன்றாகக் கதறும். லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல். ஹையர் என்றால் 45. பத்து நிமிடத்தில் 450 சொல், பிழையில்லாமல், மார்ஜின் கெடாமல். இது ஸ்பீடு. அடுத்த தாளில் அட்டவணையும் கடிதமும். இதைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை தாண்ட வேண்டும். பிறகு ஷார்ட்ஹேண்ட். அதில் சீனியர் என்றால் நிமிடத்துக்கு 120 சொல். காது கேட்டதைக் கை கோடாக்கி, கோட்டைக் கண் திரும்பப் படித்து, விரல் எழுத்தாக்க வேண்டும். இவ்வளவும் முடித்தவனிடம் அரசு கேட்கும்: "எல்லாம் சரி தம்பி, கம்ப்யூட்டர் தெரியுமா?" அதற்கு சி.ஓ.ஏ. என்று தனியாக ஒரு சான்றிதழ். செத்த மெஷினில் ஐந்தாறு வருடம், உயிருள்ள மெஷினில் சில மாதம்.

இப்படி வடிகட்டி எடுத்த ஆளைத்தான் நீதிமன்றத்தில் உட்கார வைக்கிறார்கள். சாட்சி சொல்வதைப் பதிய. சொத்து யாருக்கு, குழந்தை யாரிடம், ஜெயில் யாருக்கு என்பதெல்லாம் அந்தத் தாளில் விழும் எழுத்தைப் பொறுத்தது. ஆகவே பரீட்சை கடுமையாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இருக்கட்டும். இன்னும் இரண்டு வைத்துக்கொள்ளட்டும். என் கேள்வி வேறு. இத்தனை பரீட்சைக்கும் பிறகு, நான் சொன்னது ஏன் தாளில் வரவில்லை?

ஒரு திருட்டு வழக்கு. பக்கத்து வீட்டில் பூட்டை உடைத்தார்கள். ஓடியவனை நான் பார்த்தேன். அந்தப் பாவத்துக்கு அ.சா.4 ஆனேன். அரசு சாட்சி நான்கு. எந்த ஊர், எந்தக் கோர்ட் என்பது வேண்டாம். உங்கள் ஊர்க் கோர்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. ஆறு வாய்தா அலைந்தேன். ஏழாவதில் கூண்டு ஏறினேன்.

குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "அன்னைக்கு ராத்திரி உங்க தெருவுல கரண்ட் இருந்துதா?"

நான் சொன்னேன்: "எங்க தெருவுல இல்லீங்க. ஆனா எதிர்த் தெருவுல லைட் எரிஞ்சுது. அந்த வெளிச்சத்துலதான் பார்த்தேன்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இருந்துதா, இல்லையா?"

"இல்லீங்க. ஆனா..."

நீதிபதி தட்டச்சர் பக்கம் திரும்பினார். சொன்னார். விசைப்பலகை படபடத்தது: "சம்பவ நாளன்று இரவு எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை." முற்றுப்புள்ளி.

என் "ஆனா" எங்கே? அது கூண்டுக்கும் மேசைக்கும் இடையில், பத்தடி தூரத்தில், செத்து விழுந்தது. தட்டச்சர் மேல் குற்றமில்லை. நான் சொன்னதை அவர் அடிக்கவில்லை. நான் சொன்னதாக ஐயா சொன்னதை அடித்தார். அதுதான் அவர் வேலை. 120 சொல் வேகத்தில் பாய்ந்துவரும் பேச்சைப் பிடிக்கப் பயின்ற கை, நிமிடத்துக்கு ஆறு சொல் டிக்டேஷனுக்காகக் காத்துக்கிடந்தது.

பிறகு வந்தது நமது நீதிமன்றத் தமிழின் சிகரம். வக்கீல் மூச்சுவிடாமல் அடுக்கினார். எனக்கும் எதிரிக்கும் முன்விரோதம். நான் போலீசுக்கு வேண்டியவன். நான் சம்பவ இடத்திலேயே இல்லை. நான் வாயைத் திறக்குமுன் தாள் நிரம்பிவிட்டது: "எனக்கும் எதிரிக்கும் முன்விரோதம் உண்டு என்றால் சரியல்ல. நான் காவல்துறைக்கு வேண்டியவன் என்றால் சரியல்ல. நான் பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல." இப்படி ஒரு தமிழை நான் பிறந்ததிலிருந்து பேசியதில்லை. நீங்களும் பேசியிருக்க மாட்டீர்கள். ஆனால் இந்த மாநிலத்தில் கூண்டேறிய கூலிக்காரர், பேராசிரியர், பூக்காரம்மா, நாதஸ்வர வித்வான் எல்லாரும் ஒரே நடையில்தான் பேசியிருக்கிறார்கள். பதிவேடு சொல்கிறது. நம்பாமல் என்ன செய்வது?

அப்போது திரையை எட்டிப் பார்த்தேன். புதிய பக்கம் இல்லை. எனக்கு முன்னால் வந்த அ.சா.3-ன் வாக்குமூலத்தைத் திறந்து, பெயரையும் வயதையும் மாற்றி, மேலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் 450 சொல் அடிக்கப் பழகிய நாட்டில் உண்மையில் பயன்படுகிற திறமை காப்பி-பேஸ்ட். அதற்கு லோயரும் கிடையாது, ஹையரும் கிடையாது.

சட்டம் இதற்கெல்லாம் இடம் கொடுக்கிறதா என்று கேட்பீர்கள். தாராளமாக. சாட்சியத்தைப் பொதுவாகக் கதைபோல, தொடர் விவரிப்பாக எழுதிக்கொள்ளலாம் என்றது 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம். கேள்வியும் பதிலுமாக எழுதுவது நீதிபதியின் விருப்பம். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். காலனி ஆட்சியின் சுவடுகளை அழித்துவிட்டோம் என்று மேசையைத் தட்டினார்கள். இந்த ஏற்பாடு மட்டும் சட்டை மாற்றிக்கொண்டு அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. கேள்வி இல்லாமல் பதிலை மட்டும் எழுதினால், கேள்வியின் விஷமும் போய்விடும், பதிலின் நியாயமும் போய்விடும். மேல்முறையீட்டில் உட்காரும் நீதிபதி படிப்பது இந்தச் சக்கையைத்தான்.

இன்னொரு நயம் உண்டு. பதிந்ததைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்கிறது சட்டம். "நான் அப்படிச் சொல்லலீங்க" என்று சாட்சி மறுத்தால்? திருத்தலாம். அல்லது, திருத்தாமல், ஆட்சேபித்தார் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளலாம். எழுதியது தப்பு என்று சொன்னவன் கதையை எழுதி, தப்பையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. எனக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. "படிச்சுப் பார்த்துட்டீங்கல்ல, கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். வெளியே அறுபது பேர் நின்றார்கள். அச்சுப்பொறியிலிருந்து தாள் இன்னும் சூடு ஆறவில்லை. போட்டேன். ஆமாம், போட்டேன். நீங்களும் போட்டிருப்பீர்கள்.

வெளியே டீக்கடையில் அந்தத் தட்டச்சரே வந்து நின்றார். "சார், கோவிச்சுக்காதீங்க" என்றார். இரண்டு மொழியிலும் ஹையர், ஷார்ட்ஹேண்ட் சீனியர். "ஷார்ட்ஹேண்ட் எழுதி எவ்வளவு வருஷமாச்சு?" என்றேன். சிரித்தார். "வீட்டுக்காரம்மா மளிகை லிஸ்ட்டை ஒருதரம் எழுதினேன். அவங்களால படிக்க முடியல." அவர் சான்றிதழ் 1990-களில் வாங்கியது. இன்றும் செல்லும். நாளையும் செல்லும். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், கேஸ் அடுப்பு டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மனித வாக்குமூலத்தைப் பதியும் விரலுக்கு மட்டும் ஆயுள்கால உத்தரவாதம். "பயிற்சி ஏதாவது?" என்றேன். "புது சாஃப்ட்வேர் வந்தா ஒருநாள் கூப்பிடுவாங்க சார். சாப்பாடு நல்லா இருக்கும்."

அவரைக் கேட்கிறோமே, மற்றவர்களைக் கேட்டோமா? வக்கீல் ஆக, சட்டப் படிப்புக்கு மேல் அகில இந்திய பார் தேர்வு எழுத வேண்டும். முதல் தேர்வு 2011 மார்ச்சில் நடந்தது. பத்து வருடம் அது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதிய தேர்வு. பொதுப் பிரிவில் நூற்றுக்கு 40 எடுத்தால் போதும் என்று இருந்தது. பிறகு 45 ஆனது. தட்டச்சர் நூறு சொல்லில் ஐம்பத்தைந்தைத் தப்பாக அடித்தால் வாசல்படி மிதிக்க முடியுமா? அப்புறம், ஒரே நாளில் மூன்று குற்றவியல் சட்டங்களும் மாறின. பிரிவு எண்கள் எல்லாம் புரண்டன. அதற்காக ஒரு வக்கீலாவது ஒரு மணி நேரமாவது வகுப்பில் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று கட்டாய விதி ஒன்றும் பிறக்கவில்லை. விரல் தேய்ந்தவனுக்கு மூன்று பரீட்சை. நாக்கு நீண்டவருக்குப் பத்து வருடம் புத்தகம் திறந்த பரீட்சை. அடிப்பவருக்குத் தகுதி கேட்கிற அரசு, அடிக்கச் சொல்பவருக்குக் கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்லத் தெரியுமா என்று ஒருநாளும் சோதித்ததில்லை.

அமெரிக்கக் கோர்ட்டில் சாட்சியம் பதிபவருக்குத் தனி மரியாதை. கேள்வி, பதில், ஆட்சேபம், வக்கீலின் கிண்டல், நீதிபதியின் சிடுசிடுப்பு எல்லாம் வரிக்கு வரி ஏறும். அங்குள்ள தேசிய நீதிமன்றப் பதிவாளர் சங்கத்தின் சான்றிதழுக்கு நிமிடத்துக்கு 225 சொல் வேகத்தில் சாட்சியத்தைப் பிடிக்க வேண்டும். நூற்றுக்கு 95 சரியாக இருக்க வேண்டும். கலிபோர்னியா தன் உரிமத்துக்கு 200 சொல்லும் 97.5 விழுக்காடும் கேட்கிறது. சங்கச் சான்றிதழைத் தக்கவைக்க மூன்று வருடத்துக்கு 30 மணி நேரம் படித்தாக வேண்டும். அங்கும் கூத்து இல்லாமல் இல்லை. தொடர்கல்வி என்ற பெயரில் நட்சத்திர ஓட்டலில் மாநாடு போட்டு, மணிக்கணக்கை விற்கும் வியாபாரம் அந்த நாட்டில் எல்லாத் தொழிலிலும் உண்டு. இருந்தாலும் ஒரு வித்தியாசம். அந்த ஊர்ச் சாட்சி "ஆனால்" என்றால், தாளில் "ஆனால்" இருக்கும்.

பக்கத்து வீட்டைப் பாருங்கள். கேரள உயர் நீதிமன்றம் 2025 நவம்பர் 1 முதல், விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியத்தைப் பதிய, பேச்சை எழுத்தாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கட்டாயமாக்கியது. உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியிலேயே அரசமைப்பு அமர்வின் வாதங்களை மென்பொருளால் நேரடியாக எழுத்தாக்கிக் காட்டியது. டெல்லியில் ஒரு மூத்த வழக்கறிஞர் செருமினால்கூடப் பதிவாகும் காலம். மின்நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-ல் மத்திய அமைச்சரவை ஒதுக்கியது 7,210 கோடி ரூபாய். அந்த ரூபாயில் ஒரு மைக்குக்கு என்ன விலை வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூண்டில் ஒரு மைக், மேசையில் ஒரு மைக், ஒரு ஒலிப்பதிவு. என் பேரன் செல்போனில் இதைச் செய்கிறான். அதற்கு அவன் ஹையர் பாஸ் பண்ணவில்லை.

மென்பொருள் வந்தால் மோட்சம் என்று நான் சொல்ல வரவில்லை. கொங்குத் தமிழையும் நெல்லைத் தமிழையும் அது என்ன பாடுபடுத்தப் போகிறதோ, அந்தக் கூத்தை இன்னொரு நாள் பார்க்கலாம். தவிர, மென்பொருளுக்கும் டிக்டேஷன் கொடுத்தே தீருவோம் என்று உட்கார்ந்துவிட்டால், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு "என்றால் சரியல்ல" என்றே எழுதும்.

நாடு முழுக்க ஐந்து கோடிக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. அதனால்தான் சுருக்குகிறோம் என்பார்கள். நியாயம்தான். வாய்தாவைச் சுருக்க முடியாது. விடுமுறையைச் சுருக்க முடியாது. வக்கீலின் வாதத்தைச் சுருக்கச் சொன்னால் கோர்ட் புறக்கணிப்பு நடக்கும். கேட்பாரில்லாமல் சுருக்கக் கிடைத்தவன் சாட்சி ஒருவன்தான்.

எங்கள் வழக்கு முடிந்தது. எதிரி விடுதலை. இரவில் மின்சாரம் இல்லாத தெருவில் அ.சா.4 எதிரியை அடையாளம் கண்டிருக்க முடியாது, ஆகவே சந்தேகத்தின் பலன் அவருக்கு. தீர்ப்பு எழுதியவர் வேறு நீதிபதி. முன்னவர் மாற்றலாகிப் போய்விட்டார். தாளில் இருந்ததைப் படித்தார், தாளில் இருந்ததை நம்பினார். அவரை நான் எப்படிக் குறை சொல்வது?

பக்கத்து வீட்டுக்காரர் நகலுக்கு மனுப் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, மூன்று நடை நடந்து, என் வாக்குமூலத்தின் பிரதியை வாங்கி வந்தார். "என்னங்க இப்படிச் சொல்லிட்டீங்க?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். வேலை சுத்தம். மார்ஜின் நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. ஒற்று மிகும் இடத்தில் மிகுந்திருக்கிறது, மிகாத இடத்தில் மிகவில்லை. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அடியில் என் கையெழுத்து. அதற்கும் அடியில், ஊதா மையில், கொஞ்சம் சாய்வாக ஒரு முத்திரை: "உண்மை நகல்".