ஆட்டுக்கும் ஒரு காகிதம் வேண்டும்

கேள்வி: நண்பர்கள் பணம் போட்டு ஒரு படத்தை எடுத்து முடித்துவிட்டோம். சென்சார் சான்றிதழ் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: முதலில் கையைக் கொடுங்கள்! எடுக்க ஆரம்பிப்பவர்கள் ஆயிரம், முடிப்பவர்கள் சிலர்தான்.

தியேட்டர் என்றால் யோசிக்கவே இடமில்லை. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்றிதழ் கட்டாயம். திரைப்பட விழாவுக்கு மட்டும் என்றால் மத்திய அரசின் விலக்கு உண்டு. ஓடிடிக்கும் சட்டப்படி தேவையில்லை. 2021 விதிகளின்படி அந்தத் தளமே வயது வகையைக் குறித்துக்கொள்ளும்.

இருந்தாலும் வாங்கிவிடுங்கள் என்பதே என் கட்சி. திடீரென்று ஒரு தியேட்டர்காரர் காலைக் காட்சி தருகிறேன் என்று கூப்பிட்டால், சான்றிதழுக்காக அவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. 2023 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் காலாவதியும் கிடையாது. யு/ஏ இப்போது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்திருப்பதால் கொஞ்சம் காரமான படத்துக்கும் இடம் கிடைக்கிறது.

'ஏ' கிடைத்தால் டிவியில் அப்படியே போட முடியாது; வருமானம் குறையும். அதற்காகப் படத்தின் உயிரான காட்சியை வெட்டிவிடாதீர்கள். அதை வைத்துக்கொண்டு 'ஏ' வாங்குவதே மேல். முறையிட மறுஆய்வுக் குழு இருக்கிறது. அதற்கு மேல் இருந்த தீர்ப்பாயத்தை 2021இல் கலைத்துவிட்டார்கள்; இனி உயர் நீதிமன்றம்தான். சின்னப் படக்காரர்களுக்கு இது பெரிய அநியாயம்.

உங்கள் படத்தில் ஆடு, மாடு நடித்திருக்கிறதா? சென்சார் சான்றிதழுக்கு விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும்; இன்றே விண்ணப்பியுங்கள்.