தலைகீழ்ச் சதாவதானி

காலை ஒன்பதரைக்கு வந்ததும் அவருடைய முதல் வேலை, வேலையைக் கெடுப்பவற்றை ஒழிப்பது. செல்போனை சைலண்டில் போட்டு, குப்புறக் கவிழ்த்து, டிராயரில் வைத்துப் பூட்டுவார். ஃபேன் கிரீச்சிடுகிறதென்று எழுந்து நிறுத்துவார். வேர்க்கிறதென்று எழுந்து போடுவார். பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "இன்னிக்கு யார் வந்து கேட்டாலும் நான் இல்ல" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவிப்பார். அப்போது மணி பத்தேகால்.

பத்து பதினேழுக்கு டிராயர் திறக்கும். யாராவது கூப்பிட்டார்களா என்று பார்க்க அல்ல. போன் சைலண்டில்தான் இருக்கிறதா என்று சரிபார்க்க.

எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் அவருக்குச் சதாவதானி என்று பெயர். அசல் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் அந்த வித்தையை 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்து காட்டியவர். முதுகில் விழும் நெல்லை எண்ண வேண்டும், மணியோசையை எண்ண வேண்டும், நடுவில் கேட்டவருக்கு வெண்பாவும் சொல்ல வேண்டும். நம்மவரும் எதையும் தவறவிடமாட்டார். வாசலில் ஆட்டோக்காரரோடு நடக்கும் பேரம், மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது, அடுத்த சீட்டுக்காரர் மனைவியிடம் போனில் கிசுகிசுக்கும் வீட்டுக் கடன் எல்லாமே ஹெட்போனைத் தாண்டி உள்ளே போய்விடும். "அந்த பேங்க்ல வட்டி ஜாஸ்திப்பா" என்று திரும்பாமலேயே தீர்ப்பு வரும். வெண்பா மட்டும், அதாவது ஜி.எஸ்.டி. கணக்கு மட்டும், முதல் சீரைத் தாண்டாது.

சோம்பேறி என்று சொன்னால் பாவம். சோம்பேறிகளை எனக்கு நன்றாகத் தெரியும். மதியம் நிம்மதியாகத் தூங்குவார்கள். இவர் மாலை ஆறு மணிக்கு மூட்டை சுமந்தவர் மாதிரி களைத்துப் போகிறார்.

நடுவில் தக்காளி வைத்தியமும் நடந்தது. 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவில் இருந்த ஒரு சமையலறைக் கடிகாரத்தைத் திருகி வைத்துக்கொண்டு படித்தார். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. இதைக் கேள்விப்பட்டதும் நம்மவர் அந்தக் கடிகாரத்தைத் தேட ஒருநாள் லீவு போட்டார். தக்காளி கிடைக்கவில்லை, முட்டைதான் கிடைத்தது. 25 நிமிடமும் இன்னும் எவ்வளவு பாக்கி என்று முட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து நிமிட ஓய்வை மட்டும் குறையில்லாமல் எடுத்துக்கொள்வார். அதன் டிக் டிக் சத்தத்தில் எங்கள் ஏழு பேர் வேலையும் படுத்துவிட்டது.

போன மாதம் 20-ஆம் தேதி. ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ. ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் கடைசி பட்டனை அழுத்தினார். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. அவர் அந்த வட்டத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "சார், டீ" என்றான் பையன்; காதில் விழவில்லை. கரண்ட் போய் வந்தது, யூ.பி.எஸ். அலறியும் அசையவில்லை. டிராயர் மூன்று தடவை அதிர்ந்தது, அதையும் பொருட்படுத்தவில்லை. பழனி மலை தண்டாயுதபாணி முன்னால்கூட அவர் அப்படி நின்று நாங்கள் பார்த்ததில்லை.

ஒருவழியாக வட்டம் நின்று, ஓ.டி.பி. கேட்டது. அது பார்ட்டியின் போனுக்குப் போயிருக்கும். சாவியைத் தேடி டிராயரைத் திறந்தார். ஒன்பது மிஸ்டு கால். அடியில் ஒரு வாட்ஸ்அப்: "சார், நம்பர் வந்துச்சு, நீங்க எடுக்கல. டைம் முடிஞ்சிருச்சு போல. கொடைக்கானல் பஸ்ல ஏறிட்டேன், இனிமே சிக்னல் இருக்காது."

அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இதுக்குத்தாம்பா நான் அப்பப்ப டிராயரத் திறந்து பாக்கறது!"