ஆறாவது சபை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்ன பெரியவர், இரண்டையும் ஒரே வருஷத்தில் செய்யச் சொல்லவில்லை. நான் செய்தேன். மகள் கல்யாணம் முடிந்தது, வீடு முடியவில்லை. கீழ்ப்பகுதி பூசி, டிஸ்டெம்பர் அடித்து, கிரகப்பிரவேசம் ஆகிவிட்டது. மாடியில் பன்னிரண்டுக்குப் பத்தில் ஓர் அறை மட்டும் தளம் போட்டதோடு நின்றுபோனது. தரைக்குச் சிமெண்ட் பால் ஓட்டியாயிற்று. சுவர் மட்டும் வெறும் செங்கல். செங்கலுக்கு நடுவே பிதுங்கிய கலவை பிதுங்கியபடியே காய்ந்திருந்தது. சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் சட்டை முதுகில் செம்மண் பொடி. மொட்டைமாடியில் அடுத்த மாடிக்கென்று நீட்டிவிட்ட கம்பிகள் வேறு. அந்த அடுத்த மாடியை யார் கட்டப்போகிறார்கள் என்று கம்பிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"சார், பூசலைன்னா செவுரு நிக்காதா? அது பாட்டுக்கு நிக்கும்" என்று தைரியம் சொல்லிவிட்டு, மேஸ்திரி நகரி பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் செங்கல் சுவரைப் பூசாமல் விட்டுவிட்டுப் பத்மஸ்ரீ வாங்கினார். நானும் பூசாமல்தான் விட்டேன். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், பணம் முடையா?" என்று விசாரித்தார். பேக்கர் சுவரில் செங்கல் வரிசை பிடித்து நிற்கும், இடுக்கெல்லாம் வழித்துவிட்டது போல இருக்கும். என் சுவரில் ஒவ்வொரு செங்கலும் தனிக்கட்சி.

இந்த நிலையில்தான் சம்பந்தி வீட்டிலிருந்து போன். மார்கழித் திருவாதிரைக்கு எல்லோரும் வருகிறார்களாம், ஆருத்ரா தரிசனம் பார்த்துவிட்டுத்தான் போவார்களாம். திருவாலங்காட்டில் வீடு இருந்தால் இது ஒரு சங்கடம். நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் ரத்தின சபை எங்கள் ஊர். திருவாதிரை ராத்திரி முழுக்க அபிஷேகம், விடியும்போது தரிசனம். சொந்தக்காரர்கள் நடுவில் இரண்டு மணி நேரம் கட்டையைச் சாய்க்க நம் வீட்டைத்தான் நினைத்துக்கொண்டு வருவார்கள். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த மண் என்பதால் இந்த ஊரில் கால் வைக்கத் தயங்கித் திருஞானசம்பந்தர் வெளியிலேயே தங்கினார் என்பது வரலாறு. சம்பந்தருக்கு இருந்த தயக்கம் சம்பந்திக்கு இல்லை.

"திருத்தணியில் நல்ல லாட்ஜ் இருக்கிறதே" என்றேன். மனைவி பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பூச்சுக்குப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. மிச்சம் இருந்த வழி துணி.

முதலில் வீட்டிலேயே ஒரு பெரிய துணி கிடைத்தது. துணி என்றால் துணி இல்லை, கல்யாண மண்டப வாசலில் வைத்த பிளக்ஸ் பேனர். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அவங்க பையன் முகத்தையே மாட்டிட்டா அவங்களுக்கும் சந்தோஷம்தானே" என்றாள் மனைவி. மாட்டிப் பார்த்தோம். ஜன்னலுக்கு இன்னும் கதவு வைக்கவில்லை. காற்று உள்ளே புகுந்து பேனருக்குப் பின்னால் போனபோது மாப்பிள்ளையின் இடது கன்னம் உப்பியது. காற்று நின்றதும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. பல்வலிக்காரர் சிரிப்பதைப் போல இருந்தது. அதோடு, வடகிழக்குப் பருவமழை குடித்த சுவரில் பிளாஸ்டிக்கை ஒட்ட மாட்டினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பின்னாலேயே பூசணம் பிடிக்கும். இரண்டே நாளில் அறை பழைய கோணிச் சாக்கு வாசம் அடித்தது. மாப்பிள்ளையைச் சுருட்டிப் பரணில் போட்டோம்.

அடுத்தது புடவை. கணக்குப் போட்டேன். அறையின் சுற்றளவு 44 அடி. ஒரு புடவை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. அகலம் நான்கு அடிக்குக் கொஞ்சம் குறைவு. படுக்கைவாட்டில் இரண்டு வரிசை ஓட்டினால் கிட்டத்தட்ட எட்டு அடி உயரம் மறையும், ஐந்து புடவை போதும். மேலே தெரியும் இரண்டடிச் செங்கலைப் பற்றி யாராவது கேட்டால் 'டிசைன்' என்று சொல்லிவிடலாம்.

கணக்கு சுலபம். பீரோவைத் திறந்ததுதான் பெரிய வேலை. ஒவ்வொரு புடவைக்கும் ஒரு வழக்கு இருந்தது. "இது உங்க அக்கா எடுத்துக் கொடுத்தது, செவுத்துக்கே போகட்டும்." "இது எங்கம்மா கட்டினது, தொடாதீங்க." "இது நீங்க எடுத்தது." அதை அவளே எடுத்துச் சுவர்ப் பக்கம் வைத்தாள். ஐந்தும் தேறின. எல்லாம் பருத்தி, அதில் இரண்டு பக்கத்து அம்மையார்குப்பம் தறியில் நெய்தவை. ஆனால் பழைய பருத்திப் புடவை மெலிசு, பின்னால் செங்கல் சிவப்பு அப்படியே தெரியும். அதற்கு உள் துணியாக அரக்கோணத்தில் காடாத் துணி வாங்கினேன். சாயமும் ஏற்றாத, வெளுக்கவும் செய்யாத துணி, கடையில் விலை குறைந்த ரகம் அதுதான். நெசவுக்காக நூலில் ஏற்றிய கஞ்சி அதில் அப்படியே இருக்கும். துவைக்காமல் கட்டினால் முதல் ஈரத்திலேயே சுருங்கி ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வரும். துவைத்துக் காயப்போட்டபோது நீளத்தில் ஒரு சாண் காணோம்.

எப்படி ஒட்டுவது? மைதாப் பசை என்றார் தெரிந்தவர் ஒருவர். சினிமா போஸ்டருக்குச் சரி. பூசாத செங்கலில் நிற்காது. நின்றாலும் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் அதற்காகத்தான் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். குழந்தைகள் வரும் வீட்டில் சுவர் முழுக்க விஷம் தடவ எனக்கு மனம் வரவில்லை. ஆணி அடித்தால், செங்கலில் செங்கல் தெறித்தது, இடுக்கில் கலவை உதிர்ந்தது. என் மேஸ்திரி மணலில் தாராளப் பிரபு. கடைசியில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டிரில் போட்டு, ரீப்பர் கட்டைகளைத் திருகு வைத்து முடுக்கி, அதன்மேல் துணியை இழுத்துப் பின் அடித்தோம். துணிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி. காற்று ஓடும், ஈரம் காயும். பல்லியும் குடும்பத்தோடு குடிவரும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஏணிமேல் நின்று துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தபோது திருகு ஒன்று ஜன்னல் திட்டில் விழுந்தது. கீழே இறங்க முடியாது. கால் கட்டைவிரலால் எடுத்து மேலே கொடுத்தேன். இந்த ஊரில் இது புது வித்தை இல்லை. காளியோடு போட்டியாக ஆடியபோது காதிலிருந்து விழுந்த குண்டலத்தைச் சிவபெருமான் காலால் எடுத்துக் காதில் மாட்டியதுதான் ஊர்த்துவ தாண்டவம். அதைப் பார்த்துக் காளி தோற்றாள். என் வீட்டில் கீழே நின்றவள், "அந்தப் பக்கம் தொங்குது பாருங்க" என்றாள்.

இரவில் உட்கார்ந்து யோசித்தபோது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று தோன்றியது. 1663 செப்டம்பரில், லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ், மனைவியின் புது அறைச் சுவருக்கு அடிக்க இந்தியச் சீட்டித் துணி வாங்கியதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். உள்ளே சுவர் பூசியிருந்ததா என்று எழுதவில்லை. எந்த வீட்டுக்காரர் எழுதுவார்! ஐரோப்பாவின் சுவருக்கும் கட்டிலுக்கும் போன சீட்டியில் பேர்போன ரகம் நம் சோழமண்டலக் கரையில் எழுதியது. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்ததே இந்தக் கரைத் துணிக்காகத்தான். அதைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். ஐரோப்பாவில் சீட்டி மோகம் முற்றி, அங்கே உள்ளூர் நெசவாளர்கள் கூச்சல் போட, பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. 1759 வரை நீக்கவில்லை. இங்கிலாந்து 1701இல் ஒரு தடவை, 1721இல் இன்னும் கடுமையாக ஒரு தடவை தடுத்தது, 1774இல்தான் விட்டுக்கொடுத்தது. தடை இருந்தபோதும் திருட்டுத்தனமாக வாங்கி வீட்டுக்குள் தொங்கவிட்டார்கள்.

"சட்டத்தை மீறிச் சீமையில் சுவரில் கட்டிய துணி இது" என்று மனைவியிடம் சொன்னேன்.

"சீமையில சம்பந்தி வந்து தங்கினாங்களா?"

நியூஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் மகன் மட்டும் புரிந்துகொண்டான். அங்கே வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ட் என்று ஓர் அறை, வெறும் கான்கிரீட் சுவரோடு விட்டுவிடுவார்களாம். "சித்தப்பா, முடிக்கணும்னா பர்மிட் வாங்கணும், கான்ட்ராக்டர் சொல்ற ரேட்டைக் கேட்டா தலை சுத்துது. அம்மா புடவையைக் கட்டித்தான் நவராத்திரிக்குக் கொலு வைச்சோம்" என்றான். கோடையில் வெளிக்காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு வேர்த்து வழியுமாம். சுவரை ஒட்டிக் கட்டாதே, கட்டை அடித்துக் கட்டு என்று இங்கிருந்து யோசனை சொன்னேன். எங்கள் குடும்பத்தில் அமெரிக்காவுக்குத் தொழில்நுட்பம் போனது அதுதான் முதல் தடவை.

திருவாதிரை வந்தது. சம்பந்தி குடும்பம் வந்தது. சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, நெல்லை தாமிரம், குற்றாலம் சித்திரம், எங்கள் ஊர் ரத்தினம், ஆக ஐந்து. மாடியில் இருந்தது ஆறாவது, துணி சபை. சம்பந்தியம்மா கதவருகே நின்று சுற்றிலும் பார்த்தார். வடக்குச் சுவரில் மாம்பழ நிறப் புடவையில் கண் நின்றது. பார்டரை விரலால் நீவிப் பார்த்தார்.

"இது நாங்க சீருக்கு வெச்ச பொடவையாச்சே?"

எனக்கு வியர்த்தது. மனைவிக்கு வியர்க்கவில்லை. "ஆமா சம்பந்தி. பீரோவுக்குள்ள வெச்சா யார் பார்க்கறாங்க? உங்க ஞாபகமா எதிர்லயே இருக்கட்டும்னு கட்டினோம்."

சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கீழ் ஓரத்தைச் சற்றே தூக்கி உள்ளே பார்த்தார். காடாத் துணி, அதற்கப்பால் செங்கல். முகம் மலர்ந்துவிட்டது. "எங்க வீட்லயும் மாடி ரூம் இப்படித்தான் கெடக்குது. ஒரு செவுத்துக்கு எத்தனை பொடவை புடிச்சுது?" என்றார். பெண் பார்க்க வந்தபோது 'முழுசா முடிஞ்ச வீடு' என்று எங்களிடம் சொன்ன அதே வீடு!

கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவிட்ச் போர்டைச் சுற்றி ஒரு சாண் துணி இல்லாமல் விடுங்கள். அந்த அறையில் ஊதுவத்தியும் கொசுவத்தியும் கொளுத்த வேண்டாம். பருத்தி பற்றினால் கையால் அணைக்க முடியாது. மழைக்காலம் முடிந்ததும் அவிழ்த்துத் துவைத்து வெயிலில் போட்டுத் திரும்பக் கட்டுங்கள். சம்பந்தி கொடுத்த புடவையைத் தாராளமாகச் சுவருக்குக் கொடுக்கலாம், பாத்ரூம் பக்கத்துச் சுவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். எதைக் கட்டினோம் என்பதை மன்னித்துவிடுவார்கள், எங்கே கட்டினோம் என்பதை மன்னிக்கமாட்டார்கள்.