நான்கு விளக்குச் சூத்திரம்: மணவாளக்குறிச்சிக் கார்ப் பொத்தான்கள் குறித்த ஆய்வுக்கு ஒரு முன்னுரையின் முன்னுரை

மணவாளக்குறிச்சிக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். ஒட்டியிருப்பதைச் சுரண்டினால் ஆய்வு பிறக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நானும் எங்கள் காரின் கால்மிதியிலிருந்து கரிமணலைத் தட்டிக்கொண்டே டாஷ்போர்டை அண்ணாந்து பார்த்தேன். அங்கிருந்த பொத்தான்கள் இதுவரை பதிப்பிக்கப்படாதவை.

ஆய்வுப் பரப்பு: மண்டைக்காடு முதல் அம்மாண்டிவிளை வரை. முன்னாய்வுகள்: இல்லை. அவற்றின் குறைகள் பின்னர் சுட்டப்படும்.

ஹார்ன்: கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

கண்ணாடிப் பொத்தான்: பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தால், டிரைவர் கதவிலுள்ள பூட்டுப் பொத்தானை அமுக்கிவிட வேண்டும், ஏறும் கண்ணாடி கழுத்தை நெரித்துவிடும். இதில் கருத்து வேறுபாடு இல்லை, ஆகவே அறிஞர்க்கு வேலையும் இல்லை.

சீட்பெல்ட் மணி: 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் கட்டாயம். அண்ணன் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டி மணியின் வாயை அடைக்கிறார். ஏர்பேக்கை அப்படி ஏய்க்க முடியாது. அது பெல்ட்டை நம்பித்தான் வேலை செய்கிறது.

காற்றுச் சுழற்சி: காருக்குள் வளைந்த அம்பு. மாமா இதற்கு 'யூ டர்ன்' என்று பொருள்கொண்டார் (முன்சீட்டு உரை, பக்கம்: இடது). குளச்சல் மீன் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அமுக்குவதற்கானது அது, வெளிக்காற்று வராது. அமுக்கியதை மறந்து திருநெல்வேலி வரை போனால், விட்ட மூச்சையே இழுத்து இழுத்துக் கண் சொக்கும். மாமா இதை உரை எழுதாமல் உறங்கியே நிறுவினார்.

இனி ஆய்வின் உயிர்நிலை: சிவப்பு முக்கோணம்.

நான்கு இண்டிகேட்டரும் ஒருசேர மின்னினால் 'வண்டி வழியில் நின்றுவிட்டது, விலகிப் போ' என்று பொருள். இது செய்தவன் கருத்து. மூலநூலாசிரியன் கருத்துக்கு உரையில் இடமளிப்பது நம் வழக்கமல்ல. ஆகவே சந்திப்பில் அது 'நேரே போகிறேன்' என்றாகும்: இடமும் வலமும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு. கிளைப்பள்ளிகளும் உண்டு. மழைப்பள்ளியார் தூறல் விழுந்ததும் போடுவர். இண்டிகேட்டர்த் தண்டை எப்படித் தட்டினாலும் பெரும்பாலான கார்களில் அது அப்போது ஊமை என்பதை இவர்கள் பொருட்படுத்துவதில்லை. 'ரெண்டே நிமிஷம்' பள்ளியார் போட்டுவிட்டு நடுரோட்டில் காரை நிறுத்திப் பழபஜ்ஜி வாங்குவர். (காண்க: அண்ணன், 'லைட்டு வேறு, எண்ணம் வேறு', ஒர்க்‌ஷாப் வாசல் சொற்பொழிவு, பில்லின் பின்புறம், மூன்றாம் கிரீஸ் கறைக்குக் கீழ், மறுப்புரை: மைனி, அதே பில், முன்புறம், மொத்தத் தொகை.)

'நேரே போகிறேன்' கொள்கையைக் களத்தில் சோதித்தேன். இடப்பக்கச் சாலையிலிருந்து வந்த பைக்காரருக்கு என் காரின் இடப்பக்க விளக்கு மட்டுமே தெரிந்தது. மின்னுகிறது, திரும்பப்போகிறான் என்று அவர் ரோட்டில் இறங்கினார். பிரேக் பிடித்தது, ஆகவே இக்கட்டுரை. அவருடைய வாய்மொழித் திறனாய்வில் அச்சேறத்தக்கது இவ்வளவே: "ஏல, எங்கோட்டுல போற? ஒரு பக்கமாட்டு லைட்டப் போடுல!"

பதிவுக்கட்டணம் கட்டிவிட்டேன், கட்டுரை ஐ.எஸ்.பி.என். எண்ணோடு கருத்தரங்கத் தொகுப்பில் வரும். வாசிக்கும் அமர்வில் தலைவரும் தண்ணீர் பாட்டிலும் இருப்பார்கள் என்று உறுதியளித்திருக்கிறார்கள்.

நேரே போவதற்கு எந்த லைட்டுமே வேண்டாம் என்பது என் மகளின் கருத்து. பத்து வயது. மேற்கோள் எதுவும் தராததால் ஏற்கவில்லை.