திருடனைக் கொட்டிய தேள்

லாக்பிட் சில்லறைத் திருட்டுக் கும்பல் அல்ல. ஊரார் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுச் சாவிக்குக் காசு கேட்கும் தொழிலை, ஒரு கம்பெனி மாதிரி ஜோராக நடத்தியது. 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் கைவரிசை. வசூல் 12 கோடி டாலரைத் தாண்டியது என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை கணக்குச் சொன்னது. கும்பலின் சின்னத்தை உடம்பில் பச்சை குத்திக்கொண்டவர்களுக்குக் காசு. 2022-இல் கெத்து இன்னும் ஏறியது: "எங்களிடம் ஓட்டை கண்டுபிடித்தால் 1,000 முதல் 10 லட்சம் டாலர் வரை பரிசு!"

ஓட்டை இருந்தது, ஆனால் வேறிடத்தில். அவர்களுடைய சர்வர்களில் ஓடிய பிஎச்பி மொழியில் 'ஃபார்' என்றொரு வசதி உண்டு. பல கோப்புகளை ஒரே பொட்டலமாகக் கட்டிவைக்கும். பொட்டலத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் வாசிக்கும்போது, கோப்பின் பெயர் எவ்வளவு நீளம் என்று ஒழுங்காகப் பார்க்காமலே ஒதுக்கிய நினைவகத்தில் கொட்டியது. இடம் போதாமல் வழிந்தது பக்கத்திலிருந்த தகவலை அழித்தது. பிஎச்பியை எழுதிய சி மொழி இதையெல்லாம் தட்டிக் கேட்கிற ஜாதி இல்லை. வேண்டுமென்றே கோணலாகக் கட்டிய பொட்டலத்தை வாசிக்க வைத்தால், சர்வரையே ஆட்டிவைக்கவும் வழியுண்டு. சிவிஇ-2023-3824 என்று அதற்கு எண் கொடுத்து, 2023 ஆகஸ்டில் பிஎச்பிக்காரர்கள் அடைத்தார்கள். அப்டேட் இலவசம்.

லாக்பிட் தலைவருக்கு அதைப் போட நேரமில்லை.

2024 பிப்ரவரியில் பிரிட்டனின் என்சிஏ, அமெரிக்காவின் எஃப்பிஐ முதலான போலீஸ் அமைப்பினர் உள்ளே புகுந்தார்கள். பணம் கட்டாதவர்களைத் தகவலை அம்பலமாக்குவோம் என்று மிரட்டக் கும்பல் தன் இணையப் பக்கத்தில் ஓடவிட்ட கெடு கடிகாரம் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அதே பக்கம், அதே கடிகாரம். இப்போது அம்பலமாகக் காத்திருந்தவை கும்பலின் ரகசியங்கள்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் சத்தம் வராது என்பார்கள். இவரோ நீளமான அறிக்கையே விட்டார். சர்வரில் இருந்தது பழைய பிஎச்பி 8.1.2-ஆம், அநேகமாக அந்த ஃபார் ஓட்டை வழியாகத்தான் வந்திருப்பார்களாம், ஐந்து வருஷம் பணத்தில் நீந்தியதில் சோம்பேறியாகிவிட்டாராம். போலீஸ் வந்த வழி அவருடைய ஊகம். சோம்பேறித்தனம் மட்டும் சொந்த வாக்குமூலம்.

பிறகு 8.3.3-ஐப் போட்டுக்கொண்டு, அதில் ஓட்டை தெரிந்தால் முதலில் தன்னிடம் சொல்பவருக்குப் பரிசு என்று மறுபடியும் அறிவித்தார். 2023 ஆகஸ்டில் ஊரறிய ஓசியில் சொன்னவர்களைத்தான் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.