கண்டி வெளிச்சத்துக்கு ஒரு கமரா

எண்பதுகளில் கண்டியில் படம் பிடிக்க ஆசைப்பட்டவனுக்கு எந்தக் கமரா என்ற கேள்வியே எழவில்லை. கைக்கு வந்ததுதான் கமரா. எனக்கு வாய்த்தது பெரிய மாமா தந்த செனிட். கல்லுப் போல் பாரமான சோவியத் கமரா. ஆனால் அதிலிருந்த 58 மில்லிமீற்றர் ஹீலியோஸ் லென்ஸ் எஃப் 2 வரை திறக்கும். அதன் அருமை எசல பெரஹரா ஊர்வலத்தில்தான் தெரிந்தது.

பெரஹராவில் அன்று பந்த வெளிச்சம்தான் எனக்குத் துணை. கம்பின் நுனியிலுள்ள இரும்புக் கூட்டில் கொப்பரா எரியும். தணல் தெருவில் உதிரும். சாக்கோடு கூட வருபவர் புதுக் கொப்பரா போட்டதும் சுவாலை குப்பென்று எழும். நடனக்காரரின் முகம் துலங்குவது அந்தக் கணத்தில்தான். 400 ஏஎஸ்ஏ பிலிமைப் போட்டுக்கொண்டு அதற்காகவே காத்து நிற்பேன். ஒரு ரோலில் 36 படம். விழுந்ததா இல்லையா என்பது ஸ்டூடியோவில் கழுவி வந்த பிறகே தெரியும்.

1870களிலேயே சார்ள்ஸ் ஸ்கோவன் கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கண்ணாடித் தட்டுகளின் காலம் அது; படம் பதிய நேரமெடுக்கும். மரம் அசையாமல் காத்து நிற்கும், ஆடுகிறவர் நிற்பாரா?

இன்று கமரா வாங்கப் போகும் என் மருமகள் கேட்கிறாள்: "மாமா, 24 மெகாபிக்சல் போதுமா?"

தாராளமாகப் போதும். 2006இல் வந்த நிக்கோன் டி40 வெறும் 6 மெகாபிக்சல். படத்தின் அகலம் 3008 புள்ளி. 24 மெகாபிக்சலில் அது 6000. புள்ளிகள் நான்கு மடங்கானாலும் அகலம் இரண்டு மடங்குதான். பத்து அங்குலப் பிரிண்டுக்கு அந்தப் பழைய கமராவே காணும்.

அவள் கேட்கவேண்டியது லென்ஸைப் பற்றி. கமராவோடு சேர்த்துத் தரும் ஸூம், இழுத்த நிலையில் பெரும்பாலும் எஃப் 5.6தான். எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பட்டப்பகலில் உடவத்தகலே காட்டுக்குள் போனாலே இந்த வித்தியாசம் புரியும். அந்த மரங்கள் வெயிலை அப்படி மறிக்கும். ஏபிஎஸ்-சி சென்சர் கமராவென்றால் 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 நல்ல துணை. கமரா போடி பாவித்ததாக இருந்தாலும் குறையில்லை, மிச்சக் காசை லென்ஸில் போடட்டும்.

பாவித்த லென்ஸை வாங்குமுன் மட்டும் டோர்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சணம். கோட்டிங்கை அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. கண்டி ஈரத்தில் இது சும்மா பயமுறுத்தல் அல்ல. காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் முதல் நாளே வேண்டும்.

எடுத்த படத்தை உடனே பார்த்துத் திருத்தும் வசதி இவளுக்கு இருக்கிறது. எங்களுக்குக் கிடைக்காத பெரிய வாத்தியார் அது. பெரஹராவுக்கு இன்னும் காலம் கிடக்கிறது; அதுவரை உடவத்தகலே நிழலில் நன்றாகப் பழகட்டும்.