எக்ஸ் அட்டவணையின் மேலான கவனத்துக்கு

அனுப்புநர்:
மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவி,
மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு எக்ஸ் அட்டவணை அவர்கள்,
மருந்துகள் விதிகள், 1945.

பொருள்: கவனக்குறைவு மாத்திரை வாங்கத் தேவைப்படும் கவனத்தின் அளவைக் குறைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற செமஸ்டரில் நான் எழுதவிருந்த கடிதம்.

ஐயா,

என்னைத் தங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, என் மாத்திரையைத் தெரியும். மெத்தில்ஃபெனிடேட். ஆம்ஃபிடமின், மெத்தாம்ஃபிடமின், கேட்டமின் போன்ற பெரும்புள்ளிகளோடு, கடுங்கட்டுப்பாட்டு மருந்துகளுக்கான தங்கள் பட்டியலில் குடியிருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலும் அதன் பெயர் உண்டு. 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிஸோன் என்ற வேதியியலாளர் இதைத் தயாரித்தார். அவர் மனைவியின் செல்லப்பெயர் ரீட்டா. அதை வைத்துத்தான் ரிட்டாலின் என்ற பெயரே வந்தது. எங்கள் பக்கம் மனைவி பெயரில் மனைதான் வாங்குவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வருவதுதான் எனக்குக் கஷ்டம், ஏடிஹெச்டி என்ற கவனக்குறைபாடு.

இந்த மாத்திரைக்கு மருத்துவர் இரண்டு பிரதிகளாகச் சீட்டு எழுத வேண்டும் என்பது விதி. கடைக்காரர் ஒன்றை வாங்கி இரண்டு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அவருக்குத் தனி உரிமம் வேண்டும், மாத்திரைக்குப் பூட்டு வேண்டும். சீட்டில் எழுதியிருந்தால் ஒழிய அதே சீட்டுக்கு இரண்டாம் முறை கிடையாது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் தங்கள் பட்டியல் முழுவதையும் தடை செய்துவிட்டன. வீடியோவில் டாக்டர் என் முகத்தைப் பார்க்கலாம், புலம்பலைக் கேட்கலாம், தலையாட்டலாம். மாத்திரையை மட்டும் எழுதக் கூடாது.

ஆகவே, மாத்திரை தீர்வதற்குள் தீரப்போகிறது என்பது எனக்கு ஞாபகம் வர வேண்டும். டாக்டரிடம் நேரம் வாங்க வேண்டும். வாங்கிய நேரத்துக்குப் போகவும் வேண்டும். வகுப்புக்கு லீவு சொல்லி, தண்டலம் வந்து, பூந்தமல்லி பஸ் பிடித்து, அங்கிருந்து சென்னைக்குள் போய், இரண்டு தாளையும் தொலைக்காமல் வைத்திருந்து, இந்த மாத்திரை வைத்திருக்கும் கடையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மாதம் தவறாமல். இதையெல்லாம் மாதம் தவறாமல் செய்யக்கூடிய ஒருத்திக்கு, ஐயா, அந்த மாத்திரை எதற்கு?

கடை கிடைத்துவிட்டால் மட்டும் முடிந்ததா? போன முறை ஒரு கடைக்காரர் சீட்டை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பின்பக்கம் திருப்பினார். உள்ளே போய் யாருக்கோ போன் போட்டுவிட்டு வந்தார்.

“யாருக்கும்மா இது?”

“எனக்குத்தான் அண்ணா.”

“வீட்ல பெரியவங்க யாரும் கூட வரலையா?”

எனக்கு ஓட்டு இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, ஓட்ட ஸ்கூட்டி இருக்கிறது. ஸ்ட்ரிப்பின் மூலையில் சிவப்பு எழுத்தில் தங்கள் முத்திரையைப் பார்த்ததும் அவர் கண்ணுக்கு நான் கடத்தல்காரியாகிவிட்டேன். அதே தெருவில் டாஸ்மாக் வாசலில் நின்ற கூட்டத்திடம் யாரும் இரண்டு பிரதி கேட்கவில்லை.

தங்கள் பக்க நியாயம் தெரியாதவள் இல்லை நான். பரீட்சைக்கு முந்தைய ராத்திரி “ஏய், எனக்கும் ஒன்னு குடுடி” என்று வந்து நிற்கும் பக்கத்து அறைக்காரியை எனக்கும் தெரியும். நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டிய மருந்து இது, கடலை மிட்டாய் அல்ல. பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாவியைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்தால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

மாத்திரை கையில் இருந்தாலும் காரியம் நடந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு எந்தப் பாடம் என்று தெரியாது. உடனடி வகை வேலை செய்வது மூன்று, நான்கு மணி நேரம். அது ஏறுகிற நேரத்தில் என் கண் எதன்மேல் விழுகிறதோ அதற்கு யோகம். ஹீட் டிரான்ஸ்ஃபர் புத்தகம் திறந்திருந்தால் ஹீட் டிரான்ஸ்ஃபர். போன் திறந்திருந்தால், இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்த நோக்கியா ஆலை 2014இல் ஏன் மூடியது, வரி வழக்கு என்ன, மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போனது... தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் படித்து முடிக்கிறேன். அசைன்மென்ட் தாளில் பெயரும் பதிவெண்ணும் மட்டும் இருக்கும். மதியம் மெஸ்ஸில் சிக்கன் போடும்போது பசிக்காது. மாத்திரை இறங்கிப் பசி வரும்போது மெஸ் மூடியிருக்கும்.

நான் இருக்கும் இடத்தையும் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார், சுங்குவார்சத்திரத்தில் போன், ஒரகடத்தில் மறுபடியும் கார். ஷிப்ட் பஸ் நமக்காக நிற்காது. இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்கு ஒரு பாகத் தொழிற்சாலைக்குப் போனேன். லைனில் ஒரு பிராக்கெட் வரும், நான்கு போல்ட் முடுக்க வேண்டும், முடுக்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். நான் தடுமாறவே இல்லை! சூப்பர்வைசர் அண்ணன் “நல்லா பண்ற பாப்பா, வேலைக்கு வந்துடு” என்றார். வேலை தானாக என் முன்னால் வந்து நின்றால் நான் செய்துவிடுவேன். மூன்று மாதம் கழித்துச் சமர்ப்பிக்க வேண்டிய புராஜெக்ட் ரிப்போர்ட்தான் என் முன்னால் வந்து நிற்பதே இல்லை. கடைசி நாள் ராத்திரி வரும், வந்தவுடன் கழுத்தைப் பிடிக்கும்.

இதற்கு எங்கள் துறைத்தலைவர் வைத்திருக்கும் பெயர் சோம்பேறித்தனம். வள்ளுவர்கூட மடியின்மை அதிகாரத்தில் தள்ளிப்போடுவது, மறதி, சோம்பல், தூக்கம் என்று நாலையும் தனித்தனியாகத்தான் எண்ணினார். சாரிடம் எல்லாம் ஒரே கணக்கு. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். பையன் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தால் டாக்டரிடம் காட்டச் சொல்வார்கள். சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு ரேங்க் கார்டில் ஒரு வரி, அவ்வளவுதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது, ஏடிஹெச்டி என்ற பெயர் இல்லை. வேண்டிய பட்டியலில் இடமில்லை, வேண்டாத பட்டியலில் முன்வரிசை. அதிர்ஷ்டத்திலும் இடமில்லை. 2020 ஆகஸ்டில் கட்டணம் கட்டிய அரியர்காரர்களுக்கெல்லாம் தேர்ச்சி என்று அரசு அறிவித்ததே, தள்ளிப்போட்டவர்களுக்கு இந்த மாநிலம் கொடுத்த ஒரே பொன்னாடை, அப்போது நான் பள்ளி மாணவி.

எனவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து, ஒரே மருந்தை ஒரே அளவில் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்காவது, முதல் முறை நேரில் பார்த்த டாக்டர் அடுத்த முறை வீடியோவில் எழுதித்தர வழி செய்ய வேண்டும். தாளுக்குப் பதில் ஒரு முறைதான் செல்லும் மின்சீட்டு போதும். அதைத் தொலைக்கவும் முடியாது, ஜெராக்ஸ் போட்டு ஏமாற்றவும் முடியாது. இவ்வளவு லட்சம் போனும் காரும் செய்து ஊருக்கெல்லாம் அனுப்பும் இந்தப் பக்கத்தில், தங்கள் உரிமமும் பூட்டிய அலமாரியும் உள்ள கடை ஒன்று பஸ் ஸ்டாண்டு அருகில் இருக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்றாம் ஆண்டு மாணவி.

குறிப்பு: விதிப்படி இக்கடிதம் இரண்டு பிரதிகளாக அனுப்பப்படுகிறது. ஒன்றைத் தாங்கள் இரண்டு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்கவும்.